மலைத்தேனீ வந்த மாடித்தோட்டம்

கொத்தமல்லியைக் கிள்ளாமல் விட்டால் பூத்துவிடும். சமையல் செய்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. முப்பது வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்திய எனக்கு, ஓய்வு பெற்று மாடியில் தொட்டி வைத்த பிறகுதான் தெரிந்தது. வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்க வெள்ளைப் பூ, பூ முழுக்கச் சின்னத் தேனீக்கள். அதுவரை நான் தேனீயைக் கரும்பலகையில் வரைந்ததுதான் அதிகம். அதற்கு ஆறு கால் என்று முதல் தடவையாக நேரில் ஒப்புக்கொண்டேன்.

இதிலிருந்தா ஆரம்பிப்பது என்று நீங்கள் பார்ப்பது புரிகிறது, இன்ஸ்பெக்டர். ஹேமநாத் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. உங்கள் சொந்த ஊர் எல்லையோரத்துக் குடிபாலா, தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அது பெரிய சௌகரியம். தெலுங்கில் எனக்குப் பாடம் நடத்த வரும், தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட வரும். உண்மை சொல்லிப் பழக்கமில்லை.

பெயர் கோவர்த்தனன். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே கரும்பும் மாவும் வைத்திருந்த குடும்பம். படித்து, வாத்தியாராகி, திருப்பதியில் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கி, அந்த அடுக்குமாடிச் சங்கத்துக்குத் தலைவரும் ஆனேன். தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லிஃப்ட் நின்றால் எல்லோரும் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் பையன்கள் எனக்கு 'சாமந்தி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பூவைப் பற்றிப் பேசினாலும் பலகையில் சாமந்தியைத்தான் வரைவேன். வேறு பூ எனக்கு வரையத் தெரியாது. அந்தப் பெயர் எப்படியோ அடுக்குமாடி வரைக்கும் வந்துவிட்டது.

கொத்தமல்லிப் பூவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் பறிக்காமல் பூக்க விட்டேன். டிரம்மில் முருங்கை வைத்தேன். எள் விதைத்தேன், சூரியகாந்தி வைத்தேன், வண்ணத்துப்பூச்சிக்காக வேலியோரத்துக் கிலுகிலுப்பைச் செடியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு வந்து நட்டேன். தேனீ குடிக்கத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தேன். கல் இல்லையென்றால் மூழ்கிவிடும்.

என் மனைவி தேவயானி அந்தத் தட்டை எட்டிப் பார்த்தாள். "பூச்சி முழுகிடப் போவுதுன்னு கல்லு வெச்சித் தண்ணி ஊத்துறீங்க. நான் துன்னேனா இல்லையான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். பயிர்கள் காய்ப்பதற்குப் பூச்சிகள் எவ்வளவு அவசியம் என்று அவளுக்கு விளக்கினேன். நான் பாதி சொல்லும்போதே அவள் தோசை ஊற்றப் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது இங்கே சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் வரும் வழியில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொங்கல் முடிந்ததும் மலைத்தேனீ வந்தது. பெரிய சாதி. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், முறம் அளவுக்குக் கூடு தொங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சேஷாசல மலையை விட்டுவிட்டு என் முருங்கையைத் தேடி வந்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். போனில் காணொளி எடுத்துப் போட்டேன். மலைத்தேனீக்குக் கருப்பு ஆகாது, உக்கிரமான வாசனை ஆகாது, பக்கத்தில் போனால் வெள்ளை உடுத்திக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விரிவாகப் பேசியிருக்கிறேன். இப்போதும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். அதை முழுசாகப் பார்த்தவர்கள் என் மைத்துனியும் நானும்தான். ஹேமநாத் பார்க்கவில்லை.

ஹேமநாத் மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, மூன்று வருஷமாக வாடகைக்கு இருந்தான். நகரியில் விசைத்தறிக் குடும்பம். இங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மனைவி மஞ்சு வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். காவ்யா என்று ஒரே மகள், ஆறு வயது. மார்ச் மாதம் ஒரு நாள் அவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தேனீ போய், அந்தக் குழந்தையின் கன்னத்தில் கொட்டிவிட்டது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது மறுபிறவி என்று டாக்டர் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஹேமநாத் என் வீட்டு வாசலில் நின்றான்.

"சார், இன்னொரு தபா கொட்டினா பாப்பா தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கூட்ட எடுத்துடலாம் சார். தேன் எடுக்கிறவங்கள எனக்குத் தெரியும், நானே இட்டுக்கினு வரேன்."

"தேனீ இல்லன்னா நமக்குச் சோறே கெடையாது ஹேமநாத், தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். அந்தச் சோத்தத் துன்றதுக்கு எம்பொண்ணு இருக்கணும் இல்ல?"

நல்ல பதில். நான் சிரித்துவிட்டேன். என் வகுப்பில் யாராவது இப்படிப் பதில் சொன்னால் வெளியே நிற்க வைத்திருப்பேன். அவனிடம், கூட்டில் குஞ்சுகள் இருக்கின்றன, அவை பறக்கட்டும் என்றேன். ஏப்ரலில் வந்து கேட்டான். இங்கே ஒரு மலர் மன்றம் மாடித்தோட்டப் போட்டி வைத்திருக்கிறது, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள், திங்களன்று எடுத்துக்கொள் என்றேன். மலைத்தேனீ கூடு கட்டிய மாடித்தோட்டம் திருப்பதியில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் என் தோட்டத்தின் கிரீடம். ஹேமநாத் தலையாட்டிவிட்டுப் போனான். சித்திரை வெயிலில் ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு மூன்று பேரும் அந்த வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். நான் மேலே தட்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்கம்மா ஜாத்திரை வாரத்தில் வந்து விழுந்தது. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் வேஷம் கட்டுகிறேன் என்று ஹேமநாத் அம்மனுக்கு வேண்டியிருந்தான். ஜாத்திரையில் ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம். வெள்ளிக்கிழமை கரி. உடம்பெல்லாம் கரியைப் பூசி, இடுப்பில் வேப்பிலை, கழுத்தில் எலுமிச்சை மாலை, காலில் சலங்கை. வேஷம் கட்டியவன் யாரையும் என்ன வார்த்தையும் சொல்லித் திட்டலாம். திட்டு வாங்கியவன் கோபப்படக் கூடாது, குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அது அம்மன் வாக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் மேலதிகாரி வடக்கத்திக்காரர் என்றார்கள், அவருக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். போன வருஷ ஜாத்திரையில் எங்கள் மாடிப்படி முழுக்கக் குங்குமமும் கரியும் ஆகிவிட்டது. அதனால் இந்த வருஷம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு விதி போட்டேன். வேஷம் கலைப்பவர்கள் வீட்டுக் குளியலறையில் கழுவக் கூடாது, சாக்கடை அடைத்துக்கொள்ளும், மொட்டைமாடிக் குழாயில்தான் கழுவ வேண்டும் என்று. அந்தக் குழுவில் என் விதி ஒன்றுக்கு எல்லோரும் கட்டைவிரல் தூக்கியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை ஹேமநாத் வேஷம் கட்டிக்கொண்டு கீழே வாசலில் வந்து ஆடினான். எல்லோரும் கூடிவிட்டோம். தரைத்தளத்து வரலட்சுமி அம்மாளைப் பார்த்து, விடியறதுக்கு முன்னாலயே மிக்ஸி போட்டு ஊரையே எழுப்புறியே, உன் சட்டினியில இடி விழ என்றான். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"யோவ் சாமந்தி! பூச்சிக்குத் தட்டுல தண்ணி ஊத்துறவனே! எம்பொண்ணு தொண்ட அடச்சிக்கினு கெடந்தப்போ நீ மேல போட்டோ புடிச்சிக்கினு இருந்தியேய்யா! செடியெல்லாம் பூத்துச்சி, கொடியெல்லாம் காச்சிச்சி. உன் வூட்ல எதனா காச்சிச்சாய்யா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வலித்தது. அதை மட்டும் அலங்காரம் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேவயானி நின்றிருந்தாள். அவள்தான் முதலில் குனிந்தாள். பிறகு நானும் குனிந்தேன். ஹேமநாத் வேப்பிலையை என் தலையில் தடவிவிட்டு, சலங்கை குலுங்கக் கோயில் பக்கம் போனான். வழக்கப்படி எனக்கு ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் தேவயானி, "அவன் மேல கோவப்படாதீங்க. வேஷத்துல சொன்னது" என்றாள். கோபமே இல்லை என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன். நிதானமாகச் சாப்பிட்டேன், மோர்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுவிட்டு மேலே போனேன். மொட்டைமாடியில் இரண்டு குழாய்கள். ஒன்று மாடிக் கதவை ஒட்டி. இன்னொன்று கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கூட்டுக்குப் பக்கத்தில். கதவுப் பக்கத்துக் குழாயின் வால்வை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள், தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும், அதற்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் கேட்காதபோது நான் ஏன் எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை. பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிக்கட்டு முகப்பில், நிழலில், போனோடு உட்கார்ந்தேன். சூரியகாந்தியைப் படம் எடுக்க வெளிச்சம் கொஞ்சம் சாயட்டும் என்று.

ஹேமநாத் மூன்று மணிவாக்கில் வந்தான். கரி வியர்வையோடு சேர்ந்து பளபளத்தது. சாம்பிராணி, எலுமிச்சை, வேப்பிலை எல்லாம் கலந்து அப்படி ஒரு வாசனை. என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டான். வேஷம் பாதி இறங்கிவிட்டிருந்தது.

"காலையில வாயில வந்துடுச்சி சார். மனசுல வெச்சிக்காதீங்க" என்றான்.

"சேச்சே, அம்மன் வாக்கு" என்றேன்.

"கீழ பாப்பா காத்துக்கினு இருக்கா சார். கரிய கழுவினாத்தான் தூக்க முடியும்" என்று சொல்லிக்கொண்டே கதவுப் பக்கத்துக் குழாயைத் திருகினான். வரவில்லை. "இது வரலியே சார்?"

"அந்தக் கோடிக் குழாயில வரும்" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. கருப்பு ஆகாது என்று நான் சொல்லவில்லை. காணொளியில் அத்தனை விரிவாகச் சொன்னவன், நேரில் ஒரு வரி சொல்லவில்லை. அவன் கூட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் தாவரவியல் வாத்தியார், அந்தத் தேனீக்களோடு தினமும் பழகுகிறவன், போகலாம் என்கிறேன். போனான்.

தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. சலங்கை ஒரு தடவை அவசரமாகக் குலுங்கியது. அப்புறம் கூடு அவிழ்ந்து இறங்கியது. பாத்திரத்தில் எண்ணெய் காய்வது போல ஒரு சத்தம். நான் எழுந்து, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். தேனீ படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினால் எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள். யாராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள். அன்றைக்கு உங்களிடமும் பத்திரிகைக்காரரிடமும் ஒரு படி மேலே போய், காவ்யா அப்பாவைத் தேடிப் படியேறி வந்துகொண்டிருந்தாள், அதனால்தான் சாத்தினேன் என்றேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். படிக்கட்டில் யாரும் இல்லை. மஞ்சு கோயிலிலிருந்து இன்னும் திரும்பவில்லை, குழந்தை வரலட்சுமி அம்மாள் வீட்டில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு ஆள் உள்ளே வரும் அளவுக்குத் திறந்துவிட்டுச் சாத்தியிருக்கலாம்.

அவன் கதவைத் தட்டினான். சத்தம் போட்டான். ஜாத்திரை வாரத்தில் யாராவது கத்தினால் ஊரில் யாரும் காது கொடுப்பதில்லை, தெருவுக்குத் தெரு அதே கூச்சல்தான். ஆனாலும் வரலட்சுமி அம்மாள் இரண்டாவது மாடி வரைக்கும் ஏறி வந்துவிட்டார்.

"ஏமி சார், மேல என்னா கூச்சல்?"

"ஹேமநாத்தான். வேஷம் இன்னும் எறங்கல, திட்டிக்கினு இருக்கான்" என்றேன். "கெட்ட வார்த்தையா வருது, மேல வராதீங்க. அங்கிருந்தே வாங்கிக்கோங்க."

அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே கைகூப்பி, மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப்போனார். பாவம், பக்தியான மனுஷி. இதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். தெரிந்தால் தாங்க மாட்டார்.

மிச்சம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தீயணைப்புக்காரர்களுக்குப் போன் செய்தவன் நான். தாமதமாகச் செய்தேன், ஆனால் தெளிவாக விலாசம் சொன்னேன். விபத்து என்று நீங்கள் எழுதினீர்கள். மாடிக் கதவைச் சாத்திக் குடியிருப்பைக் காப்பாற்றிய ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பத்திரிகையில் வந்தது. என் படம் சுமாராகத்தான் விழுந்திருந்தது. நடுவர்கள் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் கூட்டை எரித்த நெருப்பில் முருங்கையும் போய்விட்டது. அதற்காக ஒரு நாள் முழுக்கத் துக்கமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை அடித்தாலும் தப்பில்லை.

காரியம் முடிந்து மஞ்சு என் வீட்டுக்கு வந்தாள். தேவயானி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மஞ்சு அழவில்லை.

"எம்பொண்ணக் காப்பாத்தினீங்க சார்" என்றாள். அப்புறம், "அவரு கடைசியா என்னா சொன்னாரு சார்? நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. வேஷத்துல சொன்னது அம்மன் வாக்கு. பாப்பா பெருசானா அவகிட்ட சொல்லணும்" என்றாள்.

"திட்டிக்கினேதான் இருந்தாம்மா. பயப்படவே இல்ல. அம்மனே நின்னு திட்டின மாதிரி இருந்துச்சி" என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்து எனக்கே ஒரு நல்ல காரியம் செய்ததுபோல இருந்தது. இப்போது அந்தக் குழந்தையும் அதையே சொல்கிறது. நேற்று லிஃப்டுக்குப் பக்கத்தில் வேறொரு குழந்தையிடம், "எங்க நைனா சாமி மாதிரி திட்டிக்கினே செத்துப்போனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்துகிறார்கள். போர்த்தப்போவது மஞ்சு. வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் செயலாளருக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில், சால்வை என்ன நிறம் என்று கேட்டிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. காலையில் தேவயானியிடம் ஸ்டேஷனுக்குப் போய்வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குடை எடுத்துக் கொடுத்தாள்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுத வேண்டாம். அது இருந்திருந்தால் வெள்ளிக்கிழமையே வந்திருக்கும். மஞ்சுவுக்கு அவள் புருஷன் கடைசியாகச் சொன்ன வார்த்தை சேர வேண்டும். அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் நேரில் சொன்னால் அதையும் கொஞ்சம் அழகுபடுத்திவிடுவேன். அரசாங்கக் காகிதத்தில் இருந்தால் அப்படியே போய்ச் சேரும்.

அவன் திட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. முதலில் "சார், சார்" என்றுதான் தட்டினான். பிறகு, தாழ்ப்பாள் போட்டது என் கைதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்துவிட்டது. "அண்ணா, தொறண்ணா. பாப்பா காத்துக்கினு இருக்காண்ணா" என்றான். அந்த மூன்று வருஷத்தில் அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. இந்த ஊரில் யாருமே கூப்பிட்டதில்லை. என் கை தாழ்ப்பாள் மேலேதான் இருந்தது. திறந்துவிடத்தான் போனேன்.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.